கவர் பிரிக்காத கரடி

ஆழ்வார்பேட்டைக் கடை ஒன்றில்
எங்கள் கரடியின் உடன்பிறப்பைப் பார்த்தேன்.
அதே செங்கல் நிறம். அதே நீல சாட்டின் ரிப்பன்.
மூக்குக்குக் கறுப்பு நூலில் நாலு தையல்.
கழுத்து அட்டையில் வின்டேஜ் என்று எழுதி
நாலாயிரத்து இருநூறு போட்டிருந்தது.
தொட்டுப் பாருங்க மேடம், பரவால்ல, என்றாள் கடைப் பெண்.
கை நீளவில்லை.
எனக்குக் கரடி என்றால் தொடக்கூடாதது.

எண்பத்து நாலில், அயனாவரம் குவார்ட்டர்ஸில்,
சம்பளத்தன்று சைக்கிள் கேரியரில் கட்டி
அப்பா கொண்டு வந்தது.
பர்மா பஜார். கப்பல்ல வந்த சரக்கு. ஃபாரின்.
மூன்று தெருவுக்குக் கேட்கச் சொன்னார் தணிகாசலம்.
அம்மா கவரைப் பிரிக்கவேயில்லை.
நேராக ஷோகேஸ்.
ஒரு பக்கம் பிளாஸ்டிக் தாஜ்மகால்,
மறு பக்கம் கண் மூடித் திறக்கும் ஃபிராக் பொம்மை.
படுக்க வைத்தால்தான் அது கண் மூடும்.
யாரும் படுக்க வைக்காததால்
பதினோரு வருடம் தூங்காமல் நின்றது.

சாவி அம்மாவின் தாலிச் சரட்டில், ஊக்குகளோடு.
ஞாயிற்றுக்கிழமை தினசரித்தாளை நனைத்துக் கண்ணாடி துடைப்பாள்.
திங்கள் காலைக்குள் அதில் இரண்டு மூக்குத் தடங்கள்,
ஒன்று என்னுடையது,
ஒன்று என் அக்கா புனிதவதியுடையது.
விருந்தாளிப் பிள்ளைகள் கரடி கேட்டு அழுதால்
மேரி பிஸ்கட் கிடைக்கும்.
நாங்களும் அழுது பார்த்திருக்கிறோம்.
எங்களுக்கு அதுவும் இல்லை.

ஒரே ஒரு நாள் சாவியைப் பூட்டிலேயே விட்டுவிட்டு
மண்ணெண்ணெய் வரிசைக்குப் போய்விட்டாள்.
கவரோடு தூக்கித் தரையில் உட்கார வைத்தோம்.
இவள் இந்தப் பக்கம். நான் அந்தப் பக்கம்.
என்ன செய்வதென்று தெரியவில்லை.
கண்ணாடி வழியாகப் பார்த்தது போலவே
கண்ணாடி இல்லாமல் கொஞ்ச நேரம் பார்த்தோம்.
பிறகு எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டோம்.

அப்பா போனார். அக்கா மஸ்கட் போனாள்.
ஷோகேஸ் முடிச்சூர் போனது, அம்மாவோடு.
இரண்டாயிரத்துப் பதினைந்து டிசம்பரில்
ஹாலில் நெஞ்சளவு தண்ணீர்.
தாஜ்மகால் எங்கே போனதென்று இன்றுவரை தெரியாது.
கரடி மட்டும் கவருக்குள் காற்றோடு
ஃபேனுக்குக் கீழே மிதந்துகொண்டிருந்ததாம்,
மோட்டார் போட வந்த பையன் சொன்னான்.

ஓரம் வழியாகத் தண்ணீர் ஏறிக் கனத்திருந்தது.
முதுகுத் தையலைப் பிளேடால் பிரித்தேன்.
உள்ளே பனியன் வெட்டுத்துணி.
சாம்பல், வெள்ளை, ஒரு கைப்பட்டையின் பச்சை ஓரம்.
நடுவில் சுருட்டித் திணித்த ஒரு காகிதத்தில்
ஊறிப்போன தமிழில் அச்சு:
…சன்ஸ், ஹோசியரி, வண்ணாரப்பேட்டை.

அம்மா கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள்.
காட்டினேன்.
கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு படிப்பதுபோல் பாவனை செய்தாள்.
"வால்டாக்ஸ் ரோடு. எண்பது ரூபா.
பில்லு சட்டப் பையிலயே இருந்துச்சு."
பிறகு எனக்கில்லை, கரடிக்குச் சொல்வதுபோல்:
"கையில எடுத்தா தெரிஞ்சிடும்ல."

நான் ஒன்றும் கேட்கவில்லை.
கவரை அவள் மடித்துத்
தலையணைக்கடியில் வைத்துக்கொண்டாள்.

வெயில் வந்த முதல் நாள் மொட்டைமாடிக் கொடியில்
இரண்டு நைட்டிகளுக்கு நடுவில் தொங்கவிட்டேன்,
காதுக்கு ஒரு கிளிப்பாக.
முதுகு திறந்திருந்தது. வெட்டுத்துணி தனியாகக்
கைப்பிடிச்சுவரில் காய்ந்தது.
அக்காவுக்கு வீடியோவில் காட்டினேன்.
படம் உறைந்து உறைந்து வந்தது.
ஐம்பது வயது, நரைக்குப் பூசிய மருதாணியோடு
புனிதவதி கத்தினாள்:
"அடியே, காது வலிக்கும்டி அதுக்கு!"

கிளிப்பைக் கழற்றித்
தோள்பட்டையில் மாட்டினேன்.
"இப்ப?" என்றேன்.